இராம நாடகம் கேட்கப் புகுவோர்க்கு

திருப்புட்குழியில் ஜடாயு தீர்த்தக்கரையை அடைவோர்க்கு, இராமபிரான் அக்கழுகரசனுக்கு ஈமக்கடன் ஆற்றிய தலம் இதுவென்று ஊரார் உரைப்பர். அவ்விராமகதையை இசை நாடகமாய்க் கேட்க விழைவோர்க்குச் சீகாழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இயற்றிய இராம நாடகக் கீர்த்தனை உளது. கம்பர் காவியமே அதற்கு மூலம். சட்டநாதபுரத்து மாணாக்கர் இருவர் அதற்கு இசையமைக்க உதவினர்.

ஜெர்மானியராகிய வேபர் 1821-இல் பெர்லின் நகரில் அரங்கேற்றிய புகழ்பெற்ற இசை நாடகத்தில், பாட்டுகளுக்கிடையே வசனம் கதையை நடத்திச் செல்லும். நம் நாடகத்தில் அவ்வேலை விருத்தம் முதலிய செய்யுட்களுக்கு உரியது. பாத்திரம் தன் உள்ளந் திறக்குமிடத்தே ‘தரு’ என்னும் பாட்டு எழும். ஆதலின் விருத்தத்தைத் தள்ளிவிட்டுத் தருவை மட்டும் கேட்பார் பாதியே கேட்டவராவர். கச்சேரிகளிலோ தருக்கள் தனித்தனியே பாடப்படுகின்றன. அவற்றுட் பலவற்றின் இராகமும் பிற்காலத்தே மாறிற்று. மிதிலைக் கன்னிமாடத்தில் சீதையைக் கண்டு இராமன் வியக்கும் பைரவிப் பாட்டைச் சீதையின் கூற்றென்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம்! நூலை எடுத்து அவ்விடத்தை முழுதும் படித்த பின்னரே தெளிந்தோம்.