காட்டுக்குப் போகும் கத்திக்குக் கல் எங்கே?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தில் இறங்கி உள்ளே போனால் திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள், ஜடாயுவுக்கு ராமன் கடைசிக் கடன் செய்த இடம் இதுதான் என்ற தலபுராணத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். காட்டில் உயிர்பிழைப்பது பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. வால்மீகி ராமாயணத்தில் அந்தக் கட்டத்தில் ராமன் தம்பியிடம் கேட்பது விறகு. நெருப்பைத் தானே கடைந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறான். அயோத்தியை விட்டுக் கிளம்பும்போது கேட்டு வாங்கிய சாமான்களிலும் மண் தோண்டும் கருவியும் கூடையும் உண்டு. வில்லும் அம்பும் சத்திரியனுக்குரியவை, போகட்டும். பதினான்கு வருஷக் காட்டுவாசத்துக்கு அரசகுமாரர்கள் நினைவாகக் கேட்டது கிழங்கு அகழும் கருவியை. வாள் என்று ஒன்று ஜடாயு கதையில் செய்த காரியம் சிறகை வெட்டியது மட்டும்தான். அது எவன் கை வாள் என்பது ஊரறிந்த சேதி.

இன்று காட்டுக்குப் போக ஆசைப்படும் இளைஞர் முதலில் வாங்குவது கத்தி. கைபேசியில் தேடினால் ‘சர்வைவல் நைஃப்’ என்ற பெயரில் நூற்றுக்கணக்கில் வந்து விழுகின்றன. ஒன்றுக்குக் கைப்பிடி குழாய் போல உள்ளீடற்றது. அதற்குள் தூண்டில் முள், தீக்குச்சி, மூடியில் திசைகாட்டி. இன்னொன்றுக்கு முதுகில் ரம்பப் பற்கள். இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டது 1982-ல் வந்த முதல் ராம்போ படம். படத்துக்காகச் செய்த கத்தி தேர்ந்த கைவினைஞர் செய்தது. அதைப் பார்த்துக் குவிந்த மலிவு நகல்களோ கட்டை பிளக்கும்போது பிடியும் அலகும் சேரும் இடத்தில் கழன்று வரும் ரகம். இவற்றை விற்கிறவர்கள் நீளத்தைச் சொல்கிறார்கள், கறுப்புப் பூச்சைச் சொல்கிறார்கள், உறையைச் சொல்கிறார்கள். மழுங்கிய பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் சொல்வதில்லை. என் கட்சி இதுதான்: காட்டுக்கு எந்தக் கத்தி நல்லது என்ற கேள்விக்கு ஒரே ஒரு அளவுகோல் போதும். வாங்குகிறவர் தன் கையால், கையில் கிடைக்கும் கல்லால், அதைத் திரும்பத் தீட்ட முடியுமா? முடியாதென்றால் அது எத்தனை ஆயிரம் ரூபாய் கத்தியானாலும் மூன்றாம் நாள் வெறும் இரும்புப் பாரம்.

காட்டில் வெட்டு வேலை அப்படி ஒன்றும் அதிகமில்லை. கயிறும் கொடியும் அறுப்பது, நெருப்புக்குச் சிராய் சீவுவது, கூரைக்குக் கிளை கழிப்பது, மீனோ கிழங்கோ நறுக்குவது, முள் எடுப்பது. இதில் முக்கால்வாசிக்கு நான்கு அங்குல அலகு போதும். பனிக்காட்டில் வாழ்ந்த ஃபின்லாந்துக்காரர்களின் மரபுக் கத்தியான பூக்கோ ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்கு மேல் போவதில்லை. மழைக்காட்டுக்காரர்களுக்கு மூங்கிலும் புதரும் கழிக்க வேண்டியிருப்பதால் நீண்ட அலகு தேவை. மலேயாவின் பாராங்கும் இலங்கையின் மன்னாக் கத்தியும் நம் அரிவாளும் அந்த வேலைக்குப் பிறந்தவை. எதை எடுத்தாலும் பார்க்க வேண்டியவை சில. அலகின் இரும்பு பிடிக்குள் கடைசிவரை ஓட வேண்டும். முதுகு, தடியால் தட்டிக் கட்டை பிளக்கத் தாங்கும் கனத்தில் இருக்க வேண்டும். வாயில் ரம்பப் பல் இருக்கக் கூடாது. பல்வாயைக் காட்டில் சாதாரணக் கல்லில் தீட்ட வழியில்லை. மரம் அறுக்க வேண்டுமென்றால் மடக்கும் கைரம்பம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கத்தியே ரம்பமாகவும் இருக்க ஆசைப்பட்டால் இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும்.

தீட்டுவதற்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்பவர்களுக்கு மனித சரித்திரமே பதில் சொல்லும். 1863-ல் பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஓர் ஆங்கிலேய நிலவியலாளர் கண்டெடுத்த கற்கருவி, இந்தியத் தொல்லியலின் தலையெழுத்தையே மாற்றியது. திருப்புட்குழியிலிருந்து வடகிழக்கே, பறவை பறக்கும் கணக்கில் சுமார் 50 கிலோமீட்டரில், கொசஸ்தலையாற்றுப் பக்கம் அதிரம்பாக்கம் இருக்கிறது. அங்கு கிடைத்த கைக்கோடரிகளின் வயது பதினைந்து லட்சம் ஆண்டு வரை போகிறது என்று 2011-ல் ஆய்வு முடிவு வெளியானது. கல்லில் கல்லைத் தட்டிச் சில்லு பெயர்த்து விளிம்பு உண்டாக்கத் தெரிந்தவனுக்கு, அதை மறுபடி தட்டிப் புதுப்பிக்கவும் தெரியும். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுக்கு முந்திய மனிதன் இன்னும் தெளிவான சாட்சி. செப்புக் கோடரி, சிறு கற்கத்தி இவற்றோடு, கற்கருவியின் விளிம்பைக் கூர்ப்படுத்த மான்கொம்பு முனை பொருத்திய கட்டை ஒன்றும் அவனிடம் இருந்தது. 2018-ல் வெளிவந்த ஆய்வு, அவனுடைய கற்கருவிகள் பலமுறை தீட்டித் தீட்டித் தேய்ந்து போயிருந்தன என்கிறது. புதுக் கல் கிடைக்காத நாட்களை அவன் ஓட்டியது அந்தக் கொம்பு முனையை நம்பித்தான். அவனுடைய மூட்டையில் இருந்த அந்த ஒரு சாமான் நம் கடைகள் விற்கும் ‘சர்வைவல் கிட்’ எதிலும் முதன்மை பெறுவதில்லை.

பழங்காலம் வேண்டாம், இன்றைய ஆட்களைக் காட்டு என்றால், நம் வடமாவட்டங்களின் இருளர்களைக் காட்டலாம். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. வயல் வரப்பில் எலிவளை தோண்டுவதற்கும், புற்றில் பாம்பைத் தேடுவதற்கும் அவர்கள் கையில் இருப்பது கடப்பாரை. 2017-ல் இருவர் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்புக் காட்டில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க உள்ளூர்க்காரர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். போய் இரண்டு வாரத்துக்குள் இவர்கள் பிடித்தவை 13. கோரைப் புதரைக் குத்தி விலக்க அவர்கள் எடுத்துக்கொண்டது இரும்புத் தடி. அந்த இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. காட்டை உண்மையில் அறிந்தவர்கள் சொற்பக் கருவியோடு, அந்தக் கருவியின் குணம் முழுதும் தெரிந்து போகிறார்கள். கடப்பாரை முனை மழுங்கினால் அதைக் காய்ச்சித் தட்டிக் கூராக்குவது எப்படி என்பது அந்த ஞானத்தின் ஒரு பகுதி.

கூர் என்பது என்ன என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் பனையேறியைப் பார்க்க வேண்டும். இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டியில் பாளை அரிவாள் இருக்கும். பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவினால்தான் பதநீர் ஊறும். வாய் மழுங்கினால் சீவல் நசுங்கிப் பாளை அடைத்துக்கொள்ளும். அன்றைய பிழைப்பு போயிற்று. ஆகவே மரம் ஏறுமுன் வெங்கச்சங்கல் பொடியை மரப்பலகையில் தூவி, அரிவாளை இருபுறமும் சாய்த்துச் சாய்த்துத் தீட்டுகிறார்கள். கத்தி தீட்டும் சூத்திரம் முழுதும் அதில் அடங்கிவிடுகிறது. சாய்வு மாறக் கூடாது. சுமார் இருபது பாகை போதும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். விரலைக் குறுக்கே வைத்து மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தால் உணரலாம். அலகின் அடி முதல் நுனி வரை பிசிறு ஓடினால் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம். கடைசியில் அழுத்தம் குறைத்து மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிர்ந்து கூர் நிற்கும். ஓடைக் கூழாங்கல்லிலும் இதைச் செய்யலாம். கூர் உள்ள கத்திதான் பத்திரமானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழுங்கல் கத்தியை அழுத்திப் பிடிக்கிறோம், அது வழுக்குகிறது, விரலில் இறங்குகிறது. ஆஸ்பத்திரி ஒரு நாள் நடைதூரத்தில் இருக்கும் காட்டில் புலியைவிட அந்தக் காயத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

மறுப்புகள் வரும். துருப்பிடிக்காத எஃகு இருக்க, நாட்டுப் பட்டறை இரும்பு எதற்கு என்பது முதல் கேள்வி. மழையிலும் கடலோரத்திலும் துருப்பிடிக்காத எஃகுக்குத் தனிச் சௌகரியம் உண்டு. நல்ல ரகத்தில் கூரும் நிற்கும். ஆனால் அலகில் ரகமே குறிப்பிடாமல் விற்கும் மலிவுச் சரக்கு பளபளப்பாகவே மழுங்கிக் கிடக்கும். கொல்லர் அடிக்கும் அரிவாள் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையிலிருந்து பிறக்கிறது. கார்பன் கலந்த அந்த எஃகை உலையில் செந்நிறமாகக் காய்ச்சி, வாய்ப்பக்கம் மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுப்பார்கள். முதுகில் மிஞ்சிய சூடு வாய்க்கு இறங்கி வரும்போது உலோகத்தின் மேல் வைக்கோல் நிறம் படரும். அந்தப் பதத்தில் மறுபடி தண்ணீர். நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் வாய் மெதுவாகிவிடும்; படராமலே விட்டால் கல்லில் பட்டவுடன் சில்லு பெயரும். இப்படி வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் அமைந்த அலகைச் சாதாரணக் கல்லே தீட்டிவிடும். துருவுக்கு மருந்து ஒரு சொட்டு விளக்கெண்ணெய். பத்து வேலை செய்யும் மடக்குக் கருவியும் பெரிய வேட்டைக் கத்தியும் தங்களைக் காப்பாற்றியதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; இருக்கட்டும்.

அரிவாள் என்றால் சினிமாவும் கோர்ட்டும்தான் ஞாபகம் வருகிறது என்பது அடுத்த மறுப்பு. திருப்பாச்சேத்திக்குக் கிடைத்த பெயரே அதற்குச் சாட்சி. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஆயுதச் சட்ட விதிகளின்படி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கில் வரும்; வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ ஆயுதம் என்ற பட்டியலில் கத்தியையும் சேர்த்து, எழுத்து மூல அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழையவே தடை விதிக்கிறது. ஆக, ஆறாயிரம் ரூபாய்க் கத்தியைத் தூக்கிக்கொண்டு முதுமலைக்கோ களக்காட்டுக்கோ போகலாம் என்று கனவு காண்பவருக்கு வாசலிலேயே வழி அடைபடும். அப்படியானால் நமக்கு இந்த வித்தை எங்கேதான் உதவும்? 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். மரங்கள் சாய்ந்து தெருக்கள் அடைபட்டு, மின்சாரம் போய், தொலைபேசி செத்துக் கிடந்த நாட்களில் காடு நம் வாசலுக்கே வந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்துக் கஜா புயலில் டெல்டாவுக்கும் அதே கதி. அந்த நாட்களில் தெருவைத் திறந்தவை கோடாலியும் அரிவாளும் ரம்பமும்தான்.

என் கவலை கத்தியைப் பற்றியதே அல்ல, கல்லைப் பற்றியது. தோளில் சாணைச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் குரல் கொடுத்து வந்தவர்கள் அருகிப் போனார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலைக்குப் போனதில் கொத்துவோருக்கும் வேலை போயிற்று. பட்டறையில் துருத்தி ஊதும் சத்தம் கேட்கும் ஊர்களை விரல்விட்டு எண்ணலாம். கொல்லர் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம் தேடிப் போகிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. விளைவு என்னவென்றால், அடுக்களைக் கத்தி மழுங்கினால் குப்பையில் போட்டுவிட்டு நூறு ரூபாய்க்குப் புதிதாக வாங்குகிறோம். கொடுமணலில் மூசையில் எஃகு உருக்கி உலகச் சந்தைக்கு அனுப்பிய மண்ணில், ஒரு கத்திக்குக் கூர் ஏற்றத் தெரியாத தலைமுறை வளர்ந்து நிற்கிறது. கருவி செய்யும் அறிவு போனால்கூடக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பராமரிக்கும் அறிவை எந்தக் கடையும் பொட்டலம் கட்டித் தராது. பள்ளிகளில் சாரணர் வகுப்பும் நாட்டுநலப் பணியும் நடக்கின்றன. அதில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் கத்தி பிடிக்கவும் தீட்டவும் கைமாற்றவும் சொல்லிக்கொடுப்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை.

காட்டுக் கத்தி வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கும் வாசகருக்கு ஒரே யோசனை. ஒரு பக்கம் கரகரப்பும் மறுபக்கம் மழமழப்பும் உள்ள தீட்டுக்கல் எந்த இரும்புச் சாமான் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முதலில் அதை வாங்குங்கள். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கத்தியை, தக்காளித் தோல் அழுத்தாமல் அறுபடும் வரை அதில் தீட்டிப் பழகுங்கள். அது கைவந்த பிறகும் புதுக் கத்தி தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.