நாய் கடித்தால் நட்டம் யாருக்கு?

2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார். அவர்மீது பாய்ந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, வளர்க்கும் விலங்கை அஜாக்கிரதையாக விட்டவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு அபராதத்தை 5000 ஆக்கியதோடு நின்றுவிட்டது. தோல் ஒட்டு அறுவை சிகிச்சை ஒன்றின் செலவுக்கு முன் இது எம்மாத்திரம்? அதுவும், நீதிமன்றம் வேறாகச் சொன்னாலொழிய, அபராதம் போய்ச் சேருவது அரசுக் கருவூலத்துக்கு.

இழப்பீடு வேண்டுமானால் கடிபட்டவர் உரிமையியல் வழக்குப் போட வேண்டும். அங்கேதான் சிக்கல். சிங்கம், புலி வளர்ப்பவர் எது நடந்தாலும் பொறுப்பு. நாய் வீட்டு விலங்கு என்பதால், அதன் கடிக்கும் குணம் உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்றோ, அவர் அஜாக்கிரதையாக இருந்தார் என்றோ நிரூபிக்க வேண்டும் என்பது ஆங்கிலப் பொதுச்சட்ட மரபு. அடுத்த வீட்டு நாயின் குணத்துக்குக் கடிபட்டவர் சாட்சி தேட வேண்டுமாம்! (கேட்டில் மாட்டிய ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை உரிமையாளரைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள், குணம் அவருக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சியாகவும் ஆகலாம்.) கலிஃபோர்னியாவின் உரிமையியல் சட்டம் இந்தச் சுமையை நீக்கிவிட்டது: பொது இடத்தில் கடித்தால், நாயின் முன்கதை எதுவானாலும், உரிமையாளர் பொறுப்பு. ஜெர்மனியிலும் செல்லப்பிராணி வைத்திருப்பவர் தவறு செய்தாரா என்ற கேள்வியே எழுவதில்லை. பெர்லினில் நாய்க்குப் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். நமக்கும் தேவை இதுதான். வாகன விபத்தில் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கும் வழியையும், மூன்றாம் நபர் காப்பீட்டையும் ஏற்றுக்கொண்ட நாடு இது.

ஆபத்தான இனங்களைத் தடைசெய்தால் போதாதா என்பார்கள். 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலிலேயே ரத்து செய்தது. பிரிட்டன் 1991இல் பிட்புல் உள்ளிட்ட 4 வகைகளைத் தடைசெய்தது. வளர்ப்பவர்கள் எக்ஸ்எல் புல்லிக்குத் தாவினார்கள். 2023இல் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. பட்டியல் எப்போதும் நாய்க்குப் பின்னால்தான் ஓடுகிறது. பட்டியலில் இல்லாத நாய் கடித்தால் அது பயனற்றும் போகிறது.

சீண்டியவனுக்கும் சுவரேறிக் குதித்தவனுக்கும் காசு கொடுப்பதா என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்கு விலக்கு வைக்கலாம், ஆனால் அதை நிரூபிப்பது உரிமையாளரின் வேலை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பொறுப்பு கூடினால் நாயைத் தெருவில் விட்டுவிடுவார்கள். உண்மைதான், இப்போதே விடுகிறார்கள். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, தகுந்த காரணமின்றி விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகையை உயர்த்தாமல், மைக்ரோசிப் வைத்து நாயை ஒருவர் பெயரில் பதியாமல், உரிமம் தரும்போதே காப்பீட்டுச் சான்றைக் கேட்காமல் பொறுப்பை மட்டும் கூட்டினால், ஆட்சேபம் சொல்பவர்கள் அஞ்சுவதுதான் நடக்கும். மூன்றும் ஒரே சட்டத்தில் வர வேண்டும்.