குழாயில் ஈயப்பற்று: எந்த ஈயம் நல்லது?

ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் மணக்கும். அந்த ஈயம் வெள்ளீயம். காரீயம் என்று இன்னொன்று இருக்கிறது. அது விஷம்! பெயரில்தான் உறவு, குணத்தில் இரண்டும் வேறு.

இது தெரியாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க வீடுகளில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே பல வீடுகளில் குடிதண்ணீர் தாமிரக் குழாயில் வருகிறது. இரும்புக் குழாய்போல் அதில் மரை வெட்டுவதில்லை. குழாயை இணைப்புத் துண்டில் செருகி, சுற்றிலும் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிறார்கள்.

முன்பெல்லாம் அந்த ஈயத்தில் பாதி வெள்ளீயம், பாதி காரீயம். சீக்கிரம் உருகும், வேலை சுலபம். ஆனால், இரவெல்லாம் குழாயில் நிற்கும் தண்ணீரில் காரீயம் சிறிது சிறிதாகக் கரைந்தது. ருசியிலும் தெரியாது, நிறத்திலும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது! குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும்.

1986-ம் ஆண்டு அமெரிக்க அரசு இதற்குத் தடை போட்டது. குடிதண்ணீர்க் குழாய்க்கு வைக்கும் பற்றில், 1,000 பங்கில் 2 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது. இப்போது 95 பங்கு வெள்ளீயமும் 5 பங்கு ஆன்டிமனியும் கலந்த கம்பி விற்கிறது. ரேடியோ ரிப்பேருக்கு விற்கும் கம்பியில் இன்றும் காரீயம் இருப்பதுண்டு. கைக்கு அகப்பட்டது என்று அதைக் குழாயில் வைத்துவிடக் கூடாது.

பசை எதற்கு?

தாமிரம் சூடானால் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். கறுப்பின் மேல் ஈயம் ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு ஓடும்! அதைத் தடுக்கத்தான் ‘பிளக்ஸ்’ என்ற பசை. நம் ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவுகிறாரே, அதே வேலைதான்.

பசை இருக்கிறதே என்று அழுக்கை விட்டுவிடக் கூடாது. முதலில் உப்புத்தாளால் குழாயைப் பளபளவென்று தேய்க்க வேண்டும். பிறகு பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். அள்ளி அப்பினால் மிச்சம் உள்ளே வழிந்து தங்கும். நாளடைவில் தாமிரத்தை அரித்து ஓட்டை போடும். பலர் தவறு செய்வது இங்கேதான். வேலை முடிந்ததும் வெளியே துடைத்து, உள்ளே தண்ணீரை வேகமாக ஓடவிட வேண்டும்.

சூடு எங்கே?

சுடரை ஈயக் கம்பியில் காட்டக் கூடாது. இணைப்புத் துண்டில் காட்ட வேண்டும். அது போதிய அளவு சூடானபின் கம்பியால் தொட்டால் போதும். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், ஈயம் உருகி இடுக்குக்குள் தானே ஏறும். மேல்நோக்கியும் ஏறும்! சூடு மிஞ்சினால் பசை கருகிவிடும். பிறகு கழற்றி, தேய்த்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் பற்று பிடிக்காது. சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அதற்கு அமெரிக்கப் பிளம்பர்கள் ஒரு வேடிக்கையான தந்திரம் செய்வார்கள். ரொட்டியின் வெள்ளைப் பகுதியை உருட்டிக் குழாய்க்குள் அடைப்பார்கள். கசிவு நிற்கும். பிறகு ரொட்டி கரைந்து குழாய் வழியே வெளியே வந்துவிடும்!

சட்டத்துக்கு முன் கட்டிய வீடுகளில் பழைய பற்று இன்னும் இருக்கலாம். அங்கே காலையில் சிறிது நேரம் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகே குடிக்கப் பிடிக்க வேண்டும். குழாயில் வரும் வெந்நீரில் காரீயம் அதிகம் கரையும். ஆகவே, குழந்தைக்குப் பால்மாவு கரைக்கக் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்து அடுப்பில் சுடவைக்க வேண்டும்.