நாணில் விரலை மாற்றி வைக்கலாமா?

மூங்கில் வில்லோ மரவில்லோ வாங்கி, மதுரைப் பக்கம் ஏதாவதொரு மைதானத்தில் பழகத் தொடங்கியிருக்கிறீர்கள். அம்பு குறிக்கு மேலே மேலே போகிறது. பக்கத்தில் நிற்பவர், "விரலை மாத்தி வச்சுப் பாருங்க" என்கிறார். மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் மாற்றும்போது என்னென்ன சேர்ந்து மாறுகிறது என்று தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

முதலில், வழக்கமாக விரல் எங்கே இருக்கும்? அம்பின் பின்நுனியில் நாணைக் கவ்விக்கொள்ள ஒரு பிளவு இருக்கிறது. பெரும்பாலானவர்கள் சுட்டுவிரலை அந்தப் பிளவுக்கு மேலேயும், நடுவிரல், மோதிரவிரல் இரண்டையும் கீழேயும் வைத்து நாணை இழுக்கிறார்கள். இதை 'மேலொன்று கீழிரண்டு' என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு முறையில் மூன்று விரலும் பிளவுக்குக் கீழேயே இருக்கும். உங்களிடம் மாற்றச் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது முறைக்குத்தான்.

கட்டைவிரல் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஏகலைவன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. கட்டைவிரலால் நாணைக் கொக்கிபோல் இழுப்பது தனி முறை. மங்கோலியா, சீனா, துருக்கி போன்ற நாடுகளில் விரலில் வளையம் மாட்டி இப்படி இழுத்தார்கள். எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், உலகத்து வில்லாளர்கள் நாணைப் பிடிக்கும் விதங்களை வகை பிரித்து 1885-இல் எழுதியபோது, இதைத் தனி வகையாகவே காட்டினார். நீங்கள் பழகும் மூன்று விரல் முறையில் கட்டைவிரலுக்கு நாணில் வேலையே இல்லை. அது உள்ளங்கைப் பக்கம் மடங்கிச் சும்மா கிடக்க வேண்டும். அம்பைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால், மற்ற எதையும் மாற்றுவதற்கு முன் அதை விட்டுவிடுங்கள்.

விரலைக் கீழே இறக்கினால் அம்பு ஏன் தாழ்வாகப் போகிறது? கண் மேலே இருக்கிறது, அம்பு கீழே இருக்கிறது. நாணை இழுத்த கை முகத்தில் வந்து நிற்கும் இடம் (ஆங்கர்) மாறுவதில்லை. அது கடைவாயோரம் என்றால் எப்போதும் கடைவாயோரம்தான். அம்பின் முனையைக் குறிக்கு நேராகப் பிடிக்கிறீர்கள். அம்பின் பின்நுனி கண்ணுக்குக் கீழே தாழ்ந்திருப்பதால் அம்பு மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். கிட்டத்துக் குறி என்றால் தாண்டிப் போய்விடும். மூன்று விரலும் பிளவுக்குக் கீழே போனால், கை இருந்த இடத்திலேயே இருக்க, பின்நுனி ஒரு விரல் அகலம் கண்ணை நெருங்கும். சாய்வு குறையும். அம்பு தாழ்ந்து விழும்.

எவ்வளவு தாழும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விரல் அகலம் சுமார் 18 மில்லிமீட்டர், அம்பின் நீளம் சுமார் 71 செ.மீ. என்று கொள்ளுங்கள். 18 மீட்டர் தூரத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 45 செ.மீ., அதாவது ஒரு முழம். 30 மீட்டரில் முக்கால் மீட்டர். ஒரே ஒரு விரல் இடம் மாறியதற்கு இவ்வளவு!

இதே கணக்கை ஒரு மில்லிமீட்டருக்குப் போடுங்கள். விரல் நாணில் ஒரு மில்லிமீட்டர் வழுக்கினால் 18 மீட்டரில் இரண்டரை செ.மீ. தவறும். உள்ளரங்கப் போட்டியின் 40 செ.மீ. இலக்கில் ஒவ்வொரு வளையமும் 2 செ.மீ. அகலம்தான். அதாவது ஒரு புள்ளிக்கு மேல் போயிற்று. ஆகவே, எந்த முறை சிறந்தது என்பதைவிட, தேர்ந்தெடுத்த இடத்தில் ஒவ்வொரு முறையும் விரல் அப்படியே போய் உட்காருகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. இன்றைக்கு ஒரு முறை, நாளைக்கு ஒரு முறை என்று கலந்து பழகுகிறவர்கள் வருடக்கணக்கில் முன்னேறாமல் நிற்பது இதனால்தான்.

சரி, தூரத்துக்குத் தகுந்தபடி விரலை இறக்கி இறக்கி எய்கிறார்களே, அது என்ன? அதற்கு 'ஸ்ட்ரிங் வாக்கிங்' (நாணில் விரலை அளந்து கீழே நகர்த்துவது) என்று பெயர். கிட்டத்துக் குறிக்கு விரலை அதிகம் இறக்குவார்கள், தூரத்துக் குறிக்குக் குறைவாக. விரலில் மாட்டும் தோல் உறையின் தையல்களை எண்ணி அளந்துகொள்வார்கள். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் 'பேர்போ' பிரிவில் (குறிநோக்கி இல்லாத வில்) இதற்கு அனுமதி உண்டு. 'லாங்போ', 'டிரெடிஷனல்' பிரிவுகளில் கிடையாது. அங்கே விரல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நம் நாட்டின் 'இந்தியன் ரவுண்ட்' போட்டியில் மூங்கில் வில்லால், பெரியவர்கள் 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்கிறார்கள். எந்தப் போட்டிக்குப் போவதானாலும் விரல் பற்றிய விதியை முன்கூட்டியே அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

மூங்கில் வில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. நாணைக் கீழே பிடித்து இழுத்தால் வில்லின் கீழ்க்கைக்கு (கைப்பிடிக்குக் கீழே வளையும் பகுதி) பளு கூடுகிறது. திருகாணி வைத்த நவீன வில்லில் இதைச் சரிசெய்ய வழி உண்டு. ஒரே மூங்கிலில் செதுக்கிய வில்லில் கிடையாது. அதிகம் இறக்கினால் கீழ்க்கை முறுக்கிக்கொள்ளலாம், உடையவும் செய்யலாம். மூன்று விரலையும் பிளவை ஒட்டிக் கீழே வைப்பது வரை சரி. அதற்கும் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மூன்று விரலும் கீழே என்று முடிவு செய்துவிட்டால் வேறு எதை மாற்ற வேண்டும்? நாணில் அம்பு உட்காரும் இடத்தை மாற்ற வேண்டும். அந்த இடத்தில் சுற்றியிருக்கும் நூல் முடிச்சைச் சில மில்லிமீட்டர் மேலே ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் அம்பின் வால் கீழே உதைத்துக்கொண்டு போகும். வில் பிடித்த கையின் மேல்பக்கத்தில் இறகு உரசிக் கீறல் விழும், வில்லில் சத்தம் கூடும். இந்த இரண்டும் தெரிந்தால் முடிச்சை இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

விரல் மரத்துப்போகிறதே, இடம் மாற்றினால் சரியாகுமா? பெரும்பாலும் ஆகாது. வில்லின் பலம் உங்களுக்கு அதிகம் என்பதே அதற்கு அர்த்தம். பழகத் தொடங்கும் பெரியவர்களுக்கு 20 முதல் 24 பவுண்டு இழுவை போதும். நாணை விரல்நுனியில் பிடிக்காமல் முதல் கணுவின் மடிப்பில் வையுங்கள். தோல் உறை இல்லாமல் எய்யாதீர்கள். சித்திரை வெயிலில் உறை வியர்வையில் ஊறினால் நாண் வழுக்கும். காய்ந்த இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்த உணர்வு மறுநாளும் இருந்தால் பழகுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாறுவது எப்படி? இறுகக் கட்டிய வைக்கோல் கட்டுகளை அடுக்கி ஐந்து மீட்டரில் நின்றுகொள்ளுங்கள். குறி எதுவும் வேண்டாம். எங்கே படுகிறது என்று பார்க்காமல், விரல் உட்காரும் இடத்தை மட்டும் கவனியுங்கள். மூன்று வாரமாவது இப்படியே போகட்டும். பிறகு பத்து மீட்டர், பிறகு பதினெட்டு. நடுவில் ஒருநாள் பழைய முறைக்குப் போனால் மறுபடி முதலிலிருந்துதான். கண்மாய்க்கரை காலியாக இருக்கிறதே என்று அங்கே போய் நிற்க வேண்டாம். கரைக்கு அந்தப்பக்கம் ஆடு மேய்ப்பவர் இருப்பார். மயிலையோ முயலையோ குறிபார்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

யாருக்கு எது? இருபது மீட்டருக்குள் மட்டும் எய்கிறவர்களுக்கு மூன்று விரலும் கீழே வைப்பது சுலபம். குறிக்கு ரொம்பக் கீழே தரையைப் பார்த்துக் குறிவைக்கும் தொல்லை குறையும். 50 மீட்டர் உங்கள் இலக்கு என்றால் மேலொன்று கீழிரண்டே நல்லது. பலம் குறைந்த வில்லில் மூன்று விரலையும் கீழே வைத்தால், அவ்வளவு தூரத்துக்குக் குறிக்கு மேலே வெறும் வானத்தைப் பார்த்து எய்ய வேண்டிவரும். எதைத் தேர்ந்தாலும், பத்து அம்பு எய்யும்போது பக்கவாட்டில் நின்று கைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். பத்திலும் விரலுக்கும் பிளவுக்கும் உள்ள இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால், முறையை மாற்றும் யோசனையைத் தள்ளிவைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.