கோப்பி அழிந்தபோது கைகொடுத்த பூங்கா



பேராதனைப் பூங்காவைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் பிள்ளைகள் அங்கேதான் போவார்கள். சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். "பூ பார்க்கிற இடம்தானே!" என்பது நம்ம நினைப்பு. ஆனால், நாம் இன்று கொழுந்து எடுப்பதற்கும் அந்தப் பூங்காவுக்கும் பெரிய சம்பந்தம் உண்டு.

நம் பூட்டன்மார் முதலில் இந்த மலைக்கு வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. அன்று பார்க்கிற மலையெல்லாம் கோப்பிதான். 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் துரு மாதிரி ஒரு தூள் காணப்பட்டது. அது ஒரு பூஞ்சண நோய். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து வந்து பேராதனையில் இருந்து ஆராய்ந்தார். நோய்த்தூள் காற்றில் பரவுகிறது, இடைவெளி இல்லாமல் ஒரே பயிரை நட்டதால்தான் இந்த வேகம் என்று கண்டு சொன்னார். ஆனால் காலம் கடந்துவிட்டது. கோப்பி செத்தது. வேலை இல்லாமல் எத்தனையோ பேர் இந்தியாவுக்கே திரும்பினார்கள்.

அந்த நேரம் கைகொடுத்தது எது? 1821இல் ஆரம்பித்த பேராதனைப் பூங்காவில் 1824இலேயே சீனத் தேயிலைச் செடி நட்டிருந்தார்கள். 1839இல் கல்கத்தா பூங்காவிலிருந்து அசாம் தேயிலை விதையும் வந்து சேர்ந்தது. அன்று அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பி விழுந்த இடத்தில் தேயிலை எழுந்தது. தேவைப்படாத காலத்தில் காத்து வைத்த செடி, தேவைப்பட்ட காலத்தில் சோறு போட்டது.

நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கலைப் பூங்காவும் இப்படித்தான். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்க்கவே அதை 1861இல் தொடங்கினார்கள்.

இன்று பேராதனையின் 147 ஏக்கரில் 4,000க்கு மேற்பட்ட செடி வகைகள் உண்டு. நாம் காணாத வேலையும் அங்கே நடக்கிறது. காட்டுச் செடியின் கிளையை இலை, பூவோடு அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி வைக்கிறார்கள். ஒரு செடி முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இல்லாமல் போனது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அருகிவரும் செடிகளைத் தவரணையில் பெருக்குகிறார்கள்.

இது நமக்கும் பாடம். ஒரு தாய்ச்செடியில் வெட்டிய வீ.பி. கன்றுகள் எல்லாம் ஒரே இரத்தம். ஒன்றைப் பிடிக்கிற நோய் மற்றதையும் பிடிக்கும். அதனால்தான் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் பல ரகங்களைக் காத்து வருகிறது.

நம்மாலும் முடிந்தது உண்டு. ஓடைக்கரையில் மிஞ்சியிருக்கும் காட்டை விறகுக்காக அடியோடு வெட்டாதீர்கள். பாட்டிமாருக்குத் தெரிந்த மூலிகைப் பெயர்களைப் பிள்ளைகள் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பேராதனைக்குப் போனால், மரத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையையும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.