பேட்ஜ் கயிறை விடுங்க, ஃப்ளைட்டைப் பாருங்க

'கிரீன் கான்ஃபரன்ஸ்'னு போர்டு வெச்சா உள்ள என்ன இருக்கும்னு நமக்குத் தெரியும். துணிப்பை, மூங்கில் பேனா, பேப்பர் கப், அச்சடிச்ச நிகழ்ச்சி நிரலுக்குப் பதிலா ஒரு க்யூஆர் கோட். நல்ல விஷயம்தான், கிண்டல் பண்ணல. ஆனா கோட் எழுதுறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புரோகிராம் ஸ்லோவா ஓடினா, முதல்ல புரொஃபைலர் போட்டு எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்னுதுன்னு பார்ப்போம். மொத்த நேரத்துல 2% எடுக்குற ஃபங்ஷனை எவ்வளவு அழகா மாத்தி எழுதினாலும், 2%க்கு மேல மிச்சமாகாது.

அதே மாதிரி ஒரு கான்ஃபரன்ஸை புரொஃபைல் பண்ணிப் பார்ப்போம். அமெரிக்கன் ஜியோஃபிசிகல் யூனியன்னு ஒரு அமைப்பு. புவி அறிவியல் ஆட்களோட பெரிய சங்கம், வருஷா வருஷம் டிசம்பர்ல கூடுவாங்க. 2019-ல சான் பிரான்சிஸ்கோவுல நடந்த கூட்டத்துக்கு சுமார் 28,000 பேர் வந்தாங்க. அதுல பருவநிலை மாற்றத்தை ஆராயுறவங்களும் நிறைய பேர் இருந்தாங்கங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க.

மிலன் குளோவர்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும் இவங்க பயணத்தைக் கணக்குப் போட்டு 2020-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. போக வர எல்லாரும் சேர்ந்து கடந்த தூரம் 28.5 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! வெளியான கார்பன் சுமார் 80,000 டன், அதாவது தலைக்கு ஏறக்குறைய 3 டன். இந்தியாவுல ஒரு ஆளுக்கு ஒரு வருஷம் முழுக்க சராசரியா வர்ற கார்பன் டை ஆக்சைடே சுமார் 2 டன்தான். இதுக்கு முன்னாடி மூங்கில் பேனாவை வெச்சுப் பார்த்துக்கோங்க.

சரி, இடத்தை மாத்தினா? அதே ஆட்கள், ஆனா கூட்டம் சிகாகோவுலன்னு வெச்சுப் பார்த்தாங்க. அமெரிக்காவோட கிழக்குப் பக்கத்துல இருந்தும் ஐரோப்பாவுல இருந்தும் வர்றவங்களுக்கு தூரம் குறையுது. ஆனா மிச்சம் வெறும் 12%. அடுத்தது, பயணத்துல அதிகமா கார்பன் விடுற 36% பேரை மட்டும் ஆன்லைன்ல சேரச் சொன்னா, 76% குறையுது. மூணுல ஒரு பங்கு ஆட்கள், நாலுல மூணு பங்கு கார்பன்.

கேக்க சூப்பரா இருக்குல்ல? எனக்கு உறுத்துறது இங்கதான். அந்த 36% யாரு? ரொம்ப தூரத்துல இருந்து வர்றவங்க. சென்னையில பிஎச்டி பண்ற ஒரு பொண்ணை யோசிங்க. சான் பிரான்சிஸ்கோ அவங்களுக்கு சுமார் 14,000 கிலோமீட்டர். அங்க மதியம் 2 மணி செஷன்னா இங்க விடியக்காலை மூன்றரை. லேப்டாப் முன்னாடி தூங்கி விழுந்துக்கிட்டே பேச்சைக் கேட்டுடலாம். ஆனா காபி வரிசையில ஒரு பேராசிரியர்கிட்ட "சார், உங்க லேப்ல இடம் இருக்கா?"ன்னு கேக்க முடியாது. கான்ஃபரன்ஸுக்குப் போறதே பாதி அதுக்குத்தானே! ஏற்கெனவே விசா, டிக்கெட்னு அல்லாடுறவங்களை "பூமிக்காக நீங்க வீட்டுலயே இருங்க"ன்னு சொல்றது எனக்கு நியாயமா படல.

அதே கட்டுரையில இன்னொரு வழியும் இருக்கு. ஒரே ஊர்ல கூடாம சிகாகோ, பாரிஸ், டோக்கியோன்னு மூணு இடத்துல ஒரே சமயத்துல நடத்துறது. யார் யாருக்கு எது பக்கமோ அங்க போவாங்க. இதுலயும் சுமார் 80% குறையுது, யாரையும் ஸ்கிரீனுக்குப் பின்னாடி தள்ளாமலேயே. வீடியோ சைட்டெல்லாம் உங்க ஊருக்குப் பக்கத்துலயே ஒரு சர்வர் வெச்சிருப்பாங்கல்ல, அதே லாஜிக். நம்ம சென்னைப் பொண்ணுக்கு டோக்கியோன்னா தூரம் பாதிக்கும் கீழ.

சிக்கலும் இருக்கு. சிகாகோவுல காலை 7 மணின்னா பாரிஸ்ல மதியம் 2, டோக்கியோவுல ராத்திரி 10. மூணும் சேர்ந்து பார்க்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான். அதுல முக்கியமான பேச்சுகளை வெச்சுட்டு, மத்ததை அந்தந்த ஊர்லயே நடத்தணும். பாரிஸ்ல இருக்கிற உங்க நண்பரை டோக்கியோவுல பார்க்க முடியாது. மூணு அரங்கம், மூணு டீம்னு செலவும் தலைவலியும் கூடும்.

உங்க துறையில நடக்கிற கான்ஃபரன்ஸோட கமிட்டியில யாராவது தெரிஞ்சவங்க இருந்தா, போன வருஷ ரெஜிஸ்ட்ரேஷன் ஷீட்டைக் கேளுங்க. பேர், ஃபோன் நம்பர் வேண்டாம், ஊர் மட்டும் போதும். ரெண்டு ஊருக்கு நடுவுல தூரம் கண்டுபிடிக்க ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் புக் பண்றதுக்கு முன்னாடி அதை ஓட்டிப் பாருங்க. பெரிய கூட்டத்துக்கெல்லாம் வருஷக்கணக்குல முன்னாடியே அட்வான்ஸ் கொடுத்துடுவாங்க, அப்புறம் கைல மிஞ்சுறது பேப்பர் கப் மட்டும்தான்.