கல் (பல மொழிகளில் வழங்கும் சொல்)

கல் என்பது தமிழில் பாறையையும் அதன் துண்டையும், படித்தறிதல் என்னும் வினையையும் குறிக்கும் ஓரசைச் சொல் ஆகும். ஏறத்தாழ இதே ஒலியுடைய சொற்கள் தமிழோடு உறவில்லாத வேறு பல மொழிகளிலும் வழங்குகின்றன. இந்தியில் கல் என்பது நேற்றையும் நாளையையும் குறிக்கும். எந்திரம் என்ற பொருளும் அதற்கு உண்டு. துருக்கிய மொழியில் இது "இரு, தங்கு" என்னும் ஏவல் வினை. எபிரேயத்தில் "இலேசானது, எளிது" எனப் பொருள்படும். அம்மொழி இலக்கணத்தில் வினைச்சொல்லின் அடிப்படை வடிவத்துக்கே கல் என்றுதான் பெயர். இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் பேசுவோர் ஒன்றாக வேலை செய்யும் திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் செங்கற்சூளைகளிலும், இச்சொல்லின் பல பொருள்கள் அருகருகே வழங்குகின்றன.

தமிழில்

கல் என்னும் பெயர்ச்சொல் மலை, பாறை, மணி, எல்லைக்குறி, நினைவுச்சின்னம் எனப் பலவற்றுக்கும் விரிந்தது. நடுகல், கல்வெட்டு, மைல்கல், எடைக்கல், சிறுநீரகக் கல் ஆகியவை இதன் வழிவந்தவை. சில இடங்களில் பொருள் மறைந்து பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. தோசைக்கல் இன்று பெரும்பாலும் இரும்பு, எடைக்கல்லும் அவ்வாறே. செங்கல்லோ சுட்ட மண். கட்டடத் தொழிலில் செங்கல்லைச் சுருக்கமாகக் கல் என்றே சொல்வர். சூளைகளில் அதனை வார்த்தெடுப்பதற்குக் "கல் அறுத்தல்" என்று பெயர்.

கல் என்னும் வினையடியிலிருந்து கற்றல், கல்வி, கற்பித்தல், கற்கை ஆகியவை பிறந்தன. புணர்ச்சியில் இரண்டு சொற்களும் கற் என்றே திரிவதால், கற்சிலையில் உள்ளது பெயரும் கற்போரில் உள்ளது வினையும் என்பதைச் சூழலே காட்டுகிறது. கல்லுதல் என்பதற்குத் தோண்டுதல் என்ற பொருள் உள்ளதால், அறியாமையைத் தோண்டி எறிவதே கல்வி என்று விளக்குவோர் உண்டு. இது அழகிய விளக்கம். ஆனால் அழகு சொற்பிறப்புக்குச் சான்றாகாது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி (முதற்பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984) கல்லையும் கற்றலையும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது.

ஒரே மொழிக்குள் ஒரு சொல் பல பொருள் தருவதைத் தமிழ் இலக்கணம் பல பொருள் ஒரு சொல் என்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இவற்றை வினையால் வேறுபடுவன, வேறுபடாதன என இரண்டாகப் பகுக்கும். மொழிகளுக்கு இடையே நேரும் இத்தகைய ஒப்புமைக்கு அங்கு இடமில்லை. அதற்குப் பொய்த்தோழர் என்னும் பொருளுடைய பெயரை 1928இல் பிரெஞ்சு ஆசிரியர்களான மாக்சிம் கொய்சுலரும் சூல் தெரொகிணியும் பரப்பினர். அவர்கள் எடுத்துக்கொண்டவை ஆங்கிலமும் பிரெஞ்சும். அவை பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்து பிறந்து பொருள் பிரிந்த சொற்கள். கல்லின் நிலை அதனினும் வேறானது.

இந்தியிலும் கிழக்கு மொழிகளிலும்

நேற்று, நாளை என்னும் இரு பொருளும் ஒரு சொல்லுக்கு இருப்பது தமிழர்க்கு வியப்பாகத் தோன்றும். இச்சொல் விடியற்காலையைக் குறிக்கும் சமற்கிருதக் கல்யம் என்பதிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது. இன்றைக்கு அருகிலுள்ள விடியல் எது என்றால், பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றுமாக இரண்டு இருக்கும். எது என்பதை இந்தி வினைச்சொல்லிடம் விட்டுவிடுகிறது: "கல் ஆயா" என்றால் நேற்று வந்தான், "கல் ஆயேகா" என்றால் நாளை வருவான். பர்சோ என்னும் சொல்லும் இவ்வாறே முந்தாநாளையும் நாளை மறுநாளையும் குறிக்கும். வங்காளத்தில் கால், ஒடியாவில் காலி ஆகியவை இதன் உடன்பிறப்புகள். அவற்றுக்கும் இரு பொருளும் உண்டு.

எந்திரத்தைக் குறிக்கும் கல் வேறு சொல். இந்தி அகராதிகள் அதனைக் கலை, திறம் எனப் பொருள்படும் சமற்கிருதக் கலா என்பதோடு இணைக்கின்றன. கல்-புர்சா என்றால் எந்திர உறுப்புகள். கல்-கார்கானா என்றால் ஆலைகள். வங்காளத்தில் இச்சொல் கொல் என்று ஒலிக்கும். சணல் ஆலை அங்கே சட்கொல். வீட்டுத் தண்ணீர்க் குழாயும் கொல்தான். ஒடியாவில் இது கள என வரும். இந்தியும் வங்காளமும் இழந்துவிட்ட ளகர ஒலியை ஒடியா காத்து வைத்திருக்கிறது. இதனால் தமிழ் பயிலும் இந்தி பேசுவோர்க்குக் கல், கள் ஆகிய இரண்டையும் பிரித்து ஒலிப்பது கடினமாக இருக்க, ஒடியா பேசுவோர்க்கு அது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

எல்லைப்புறத் தெலுங்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கிலும் மேற்கிலும் ஆந்திரப் பிரதேசம் உள்ளது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. தெலுங்கு இங்கு அயல்மொழி அன்று. பல ஊர்களில் வீட்டுமொழி. தமிழ்ப் பேச்சு வழக்கில் கல்லு என்றால் கல். தெலுங்கில் கல்லு என்றால் கள். தெலுங்கு அன்றாட வழக்கில் கல்லுக்கு ராயி என்பர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தெலுங்குக் கல்லும் தமிழ்க் கள்ளும் உண்மையிலேயே உறவுச் சொற்கள். தெலுங்கில் ளகரம் லகரமாகியதால் கள் கல்லின் வடிவத்தைப் பெற்றுவிட்டது. ஒலியால் ஒன்றானவை உறவற்றவையாகவும், ஒலியால் வேறுபட்டவை உறவுடையவையாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

திருவள்ளூர் மாவட்டத்தில்

கல் என்னும் சொல்லுக்கு இம்மாவட்டத்தில் நீண்ட பின்னணி உண்டு. கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூசு ஃபூட், வில்லியம் கிங் ஆகியோர் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தனர். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. அவற்றைச் செதுக்கியவர்கள் அக்கல்லை என்ன பெயரால் அழைத்தனர் என்பதை அறிய வழியில்லை. எந்த மொழிக்குடும்பத்தின் வரலாறும் அவ்வளவு பின்னோக்கிச் செல்லாது.

அதே மாவட்டத்தின் செங்கற்சூளைகளுக்கு, மழைக்காலம் முடிந்தபின் மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் வருகின்றனர். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், கல் என்பது அவர்கள் இங்கே முதலில் கற்கும் தமிழ்ச் சொற்களுள் ஒன்றாகிறது. முன்பணம் பெற்று வந்தவர்கள் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டு, அதிகாரிகளால் மீட்கப்பட்ட நிகழ்வுகள் 2010களில் இம்மாவட்டத்தில் நடந்துள்ளன. கணக்குக் கேட்கும் மொழி தெரியாமை இத்தகைய நிலைக்கு ஒரே காரணம் அன்று. ஆயினும் எண்ணிக்கையும் விலையும் தவணையும் புரியாத மொழியில் சொல்லப்படும்போது, மறுத்துப் பேச இடமில்லாமல் போகிறது. சூளைப் பிள்ளைகளுக்கு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழி ஒடியா மொழியிலேயே பாடம் சொல்லித்தரும் முயற்சிகளும் இங்கு மேற்கொள்ளப்பட்டன.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளில் பீகார், உத்தரப் பிரதேசம், சார்க்கண்டு, ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் மாநிலத்தவர் பணிபுரிகின்றனர். இவர்களிடையே பொதுமொழியாக இந்தியும், மேற்பார்வையாளரோடு பேசச் சிறிது தமிழும் வழங்கும். இரண்டும் கலக்கும் இடத்தில்தான் கல் இடறுகிறது. "கல் வரும்" என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். தமிழருக்கு அது செங்கல் வண்டி வரவிருப்பதைச் சொல்லும். வரும் என்ற சொல்லை மட்டும் கற்றுக்கொண்ட இந்தி பேசுபவருக்கு அது "நாளை வரும்" என்றாகும். இரண்டு பொருளும் அந்த இடத்துக்குப் பொருந்துவதால், பிழை உடனே வெளிப்படாது. முற்றிலும் பொருந்தாத பொருளாக இருந்தால் கேட்பவர் ஐயுற்றுத் திரும்பக் கேட்பார்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலையில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்க்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என விதித்தது. ஐந்தாறு மொழியினர் கலந்துள்ள ஆலையில் "பெரும்பான்மை" என்பது பலரை வெளியே நிறுத்திவிடும். எழுத்தறியாதவர்க்கு எம்மொழி அறிவிப்பும் உதவாது.

ஒப்புமைக்கான காரணங்கள்

இரு மொழிகளில் ஒத்த சொல் இருப்பதற்குப் பொது மூலம், கடன், தற்செயல் ஆகியவை முதன்மையான காரணங்கள். ஒலிக்குறிப்புச் சொற்களும் ஒத்துப்போகும்: நீரோட்டத்துக்கு இந்தியில் கல்கல், ஆரவாரத்துக்குத் தமிழில் கலகல.

பொது மூலத்தைக் காட்டுவது ஒற்றைச் சொல் அன்று, ஒழுங்கான ஒலி இணைவு. கன்னடத்தில் கல்லு, துளுவில் கல்லு எனத் தமிழ்க் கல்லின் உறவுகள் உள்ளன. பாக்கித்தானின் பலுச்சித்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியில் கல்லுக்கு ஃகல், கண்ணுக்கு ஃகன். தமிழில் ககரம் வரும் இடத்தில் அங்கே உரசொலி வருகிறது. இது ஒரு சொல்லோடு நிற்காமல் தொடர்ந்து வருவதே உறவுக்குச் சான்று. 1816இல் சென்னையில் எல்லிசு தென்னிந்திய மொழிகளின் உறவை நிறுவியபோதும், 1856இல் கால்டுவெல் அதனை விரித்தபோதும் கையாண்டது இத்தகைய ஒப்பீட்டையே.

கடனுக்குக் காலி என்னும் சொல் எடுத்துக்காட்டு. வெற்றிடம் என்ற பொருளில் இது அரபியிலிருந்து பாரசீகம், இந்துசுத்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆகவே காலிப் பெட்டி என்றால் இந்தி பேசுவோர்க்கும் புரியும். ஒடியாவில் நாளையைக் குறிக்கும் காலியோடு இதற்கு உறவில்லை.

எஞ்சியது தற்செயல். ஒரு மொழியில் 15 மெய்கள் சொல் முதலிலும், 5 உயிர்கள் நடுவிலும், 10 மெய்கள் இறுதியிலும் வரக்கூடும் எனக் கொண்டால், மூன்றொலிச் சொற்கள் 750 மட்டுமே அமையும். உலகின் ஏறத்தாழ 7000 மொழிகளும் இந்தச் சிறு களஞ்சியத்திலிருந்தே எடுக்கும்போது ஒரே சொல் பலமுறை வரத்தான் செய்யும். சில வேளை பொருளும் ஒத்துவிடும். ஆத்திரேலியப் பழங்குடி மொழியான இம்பாபரத்தில் நாய்க்கு டாக் என்றே பெயர். அதற்கும் ஆங்கிலத்துக்கும் தொடர்பில்லை என்பதை மொழியியலாளர் டிக்சன் விளக்கியுள்ளார். சொற்பட்டியல்களை மட்டும் வைத்துத் தமிழை உலகின் ஏதோ ஒரு மொழியோடு உறவுபடுத்தும் நூல்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒப்புமை மேலும் பெருகும். ககரம் ஒன்றே பிறமொழிகளின் நான்கு ஒலிகளுக்கு நிற்பதால், இந்தியில் காலம் அல்லது இறப்பு, தோல், கன்னம் என்னும் பொருளுடைய மூன்று வெவ்வேறு சொற்களும் தமிழில் கால் என்றே எழுதப்படுகின்றன. தமிழ்க் காலுக்கோ உடலுறுப்பு, நான்கில் ஒரு பங்கு, காற்று எனத் தனிப் பொருள்கள். கல்லிலும் ஒலி முழுவதும் ஒன்றன்று: இந்திக் கல்லின் உயிர் தமிழ் அகரத்தைவிடக் குறுகி, வாய் அதிகம் திறவாமல் ஒலிக்கும். ஆலை இரைச்சலில் அந்த வேறுபாடு கேட்பதில்லை.